ஒரு பக்கம் முழுவதும்: இசைத்தட்டு பற்றிக் கேள்வி பதில்

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரில் என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்று எங்கே போனாலும் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கூடவே போகும். கேசட் வந்ததும் அந்தப் பெட்டி பரணுக்கு ஏறியது. 1990களில் அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். பல ஆண்டுகள் கழித்து ஒரு நண்பர் வீட்டில் பழைய எல்.பி. (பக்கத்துக்குப் பல பாட்டுகள் கொண்ட பெரிய இசைத்தட்டு) ஒன்றை முழுதாகக் கேட்டேன். அன்று தொடங்கியதுதான். இப்போது தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் டர்ன்டேபிள்களைப் பழுது பார்ப்பதிலும் தட்டுகளைக் கழுவிக் கேட்பதிலும் என் மாலைகள் போகின்றன. தெரிந்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சி.டி.யையும் கைபேசியில் கேட்பதையும் விட இசைத்தட்டின் ஒலி உண்மையிலேயே உயர்ந்ததா? (பொறியாளர், கோவை)

அளவெடுத்துப் பார்த்தால் சி.டி.தான் மேல். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் சி.டி. சுமார் 96 டெசிபல் இடம் தருகிறது. நல்ல எல்.பி. 70ஐத் தொட்டாலே பெரிது. இதை மறைத்து உங்களைத் தட்டு வாங்க வைக்க எனக்கு மனம் வராது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய தமிழ்ப் படப் பாடல்களில் இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பல, தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்தவை. சில, இரைச்சலை நீக்கும்போது வயலினின் உச்ச நாதத்தையும் சேர்த்து நீக்கியவை. அப்படிப்பட்ட பாடலுக்கு நல்ல நிலையில் உள்ள தட்டு ஒன்று கிடைத்தால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பின்னணியில் இருந்த தபேலாவும் புல்லாங்குழலும் முன்னால் வந்து உட்காரும்.

ஆனால் நான் திரும்பி வந்த காரணம் வேறு. எல்.பி.யின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். முள்ளை வைத்துவிட்டு உட்கார்ந்தபின் பாட்டைத் தாண்டக் கை எழுவதில்லை. தாண்ட வேண்டுமானால் எழுந்து போய், முள்ளைத் தூக்கி, பாட்டுகளுக்கு நடுவே உள்ள வெற்று வரியைக் கண்ணால் தேடி இறக்க வேண்டும். அந்தச் சின்னச் சிரமத்தினால், நான் ஒருபோதும் கேட்காமல் தள்ளிய மூன்றாவது பாட்டு இப்போது எனக்கு மனப்பாடம். தட்டின் முகத்துக்கும் புத்தகத்தின் தாளுக்கும் தமிழில் ஒரே சொல்தான்: பக்கம். பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதுபோல இதையும் கேட்கலாம்.

பரணில் தாத்தாவின் தட்டுகள் 40 கிடைத்தன. கனமாக இருக்கின்றன, பக்கத்துக்கு ஒரே பாட்டு. ஒன்று கை தவறி விழுந்து ஓடுபோல உடைந்துவிட்டது. புது டர்ன்டேபிளில் போடலாமா? (இல்லத்தரசி, காரைக்குடி)

அம்மா, தயவுசெய்து இப்போதைக்குப் போடாதீர்கள். உடைந்த விதமே அடையாளம் சொல்லிவிட்டது. அவை நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டுகள். எல்.பி. பிளாஸ்டிக் வகை, கீழே விழுந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அரக்கு பிழைக்காது.

பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையின் அதே அரக்குதான் இது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதோடு கல்தூள் கலந்து அழுத்திச் செய்த தட்டு இது. உலகின் பாட்டையெல்லாம் சுமந்த அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை வைத்தது. 1928இல் அது டம்டம்முக்கு மாறியது. உங்கள் தாத்தாவின் தட்டுகளில் நாய் கிராமபோனைக் கேட்கும் படம் இருந்தால், அங்கிருந்து ரயிலேறி வந்தவையாக இருக்கலாம்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலில் முள். எல்.பி. முள்ளின் நுனி சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் வரி, அதாவது முள் ஓடும் பள்ளம், அகலமானது, அதற்கு 65 முதல் 75 மைக்ரான் வரையுள்ள முள் வேண்டும். எல்.பி. முள்ளை வைத்தால் அது வரியின் அடியில் போய்ப் புழுதியை உழுதுகொண்டிருக்கும். பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கும், முள்ளும் கெடும். அடுத்தது வேகம்: புதிய கருவிகள் பலவற்றில் 33⅓, 45 மட்டுமே உண்டு. மூன்றாவது, கழுவும்போது ஆல்கஹால் கலந்த எதையும் தொடவே விடாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும்.

உடைந்த தட்டைத் தூக்கிப் போட வேண்டாம். லேபிளில் பாடகர் பெயரும் தட்டு எண்ணும் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டால், அதே தட்டு வேறொருவரிடம் கிடைக்கும்போது தெரிந்துகொள்ளலாம்.

அதிகம் செலவில்லாமல் முதல் செட் எப்படி அமைப்பது? பெட்டிபோல் மூடி வைக்கும் சிறிய பிளேயர் அழகாக இருக்கிறதே? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, அழகுதான். ஆனால் அவற்றில் பலவற்றில் முள் 5 கிராம் எடையோடு தட்டில் அழுத்துகிறது. ஒழுங்கான காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு (முள்ளின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு பகுதி) 2 கிராம் போதும். அந்தக் கூடுதல் எடையைத் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் தாங்க வேண்டியிருக்கிறது. முள்ளைத் தாங்கும் கருவிக் கையின் பின்புறம் எடையைத் திருகிச் சரிசெய்யும் வசதி உள்ள டர்ன்டேபிளாகப் பாருங்கள். பழையது கிடைத்தாலும் தயங்க வேண்டாம். பெல்ட்டும் முள்ளும் மாற்றினால் பல கருவிகள் இன்னும் 20 ஆண்டு உழைக்கும். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

டர்ன்டேபிளை நேராக ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். ஒலி ஈனசுரத்தில், கொசு பாடுவதுபோல் வருகிறது. பழுதா? (வங்கி ஊழியர், நாகர்கோவில்)

பழுதில்லை. நடுவில் போனோ ப்ரீஆம்ப் என்ற சிறு பெட்டி வேண்டும். கார்ட்ரிட்ஜ் தருவது நாலைந்து மில்லிவோல்ட் மட்டுமே. தவிர, தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி பக்கத்து வரியையே இடித்துவிடும். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பும் வேலையை அந்தப் பெட்டி செய்கிறது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் போனோ என்று எழுதிய துளைகள் இருந்தால் அதில் மாற்றிச் செருகிப் பாருங்கள், சரியாகிவிடும்.

மழைக்காலத்தில் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படிகிறது. எப்படிக் கழுவுவது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்னை)

கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இந்தத் துயரம் உண்டு, டீச்சர். ஐப்பசி, கார்த்திகையில் நான் அலமாரிக் கதவை மூடுவதே இல்லை.

எல்.பி.க்கு நான் செய்வது இது. பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம். சென்னைத் தண்ணீரின் உப்பு வரிகளில் படிந்து காய்ந்தால், பிறகு அது படபடவென்று பொரியும். மிருதுவான பிரஷ்ஷால் வரி ஓடும் திசையில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு முறைகூட இழுக்கக் கூடாது. லேபிளில் நீர் படக் கூடாது. பிறகு வெறும் வடித்த நீரில் இரண்டு முறை அலசி, சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம்போல் நெளியும்.

பலர் செய்யும் தவறு, கழுவிய தட்டை அதே பழைய காகித உறையில் திரும்பப் போடுவது. பூஞ்சை குடியிருப்பது அந்தக் காகிதத்தில்தான். உள் உறையை மாற்றுங்கள். வெளி அட்டையை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். அதன் ஓவியமும் பின்பக்க எழுத்தும் பாட்டுக்குச் சமமான சொத்து.

அடுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாமா? (அதே ஆசிரியை)

வேண்டாம். புத்தகம்போல் நிமிர்த்தி, சாயாமல்.

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் மட்டும் "ச" ஒலி சீறுகிறது. என் காதில் கோளாறா? (ஒலிப்பதிவு உதவியாளர், சென்னை)

உங்கள் காது மிக நன்றாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. வெளி விளிம்பில் அந்த நேரத்தில் முள் 90 சென்டிமீட்டர் வரி கடக்கிறது. லேபிளுக்கு அருகே 40கூட இல்லை. அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டும், அஞ்சலட்டையில் இடம் தீர்ந்தபின் ஓரத்தில் நெருக்கி எழுதுவோமே, அதுபோல. கூர்மையான ஒலிகளில்தான் அந்த நெரிசல் தெரியும். இதை அறிந்த தயாரிப்பாளர்கள் பக்கத்தின் முடிவில் அமைதியான பாட்டை வைப்பதுண்டு. வரிசை என்பது ரசனை மட்டுமன்று என்பதை இதிலிருந்துதான் கற்றேன்.

கார்ட்ரிட்ஜ் சரியான கோணத்தில் இருக்கிறதா என்று அளவுத்தாள் வைத்துச் சோதியுங்கள். உருண்டை நுனிக்குப் பதிலாக நீள்வட்ட நுனி முள் போட்டால் சீற்றம் கணிசமாகக் குறையும். முள்ளின் ஆயுளையும் பாருங்கள். 500 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தால் நான் மாற்றிவிடுவேன்.

பழைய தட்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? லேபிளில் பெயின்டில் பெயர் எழுதிய தட்டுகளைத் தவிர்க்கச் சொல்கிறார்களே? (கணினித் துறை, பெங்களூரு)

அந்தப் பெயின்ட் எழுத்து மைக் செட் கடையின் பெயர். ஊரில் நாலு செட்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும்போது தட்டு மாறிப்போகாமலிருக்க எழுதுவார்கள். தட்டு உழைத்து ஓடாய்த் தேய்ந்திருக்கும் என்பது உண்மைதான். தென்னை மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கிக்காக, கனமான முள்ளில், நாளுக்குப் பலமுறை ஓடியவை அவை. கேட்பதற்கு என்றால் தவிர்க்கலாம்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு பளபளவென்று இருக்க வேண்டும்; சாம்பல் பூத்திருந்தால் வரி தேய்ந்துவிட்டது, கழுவினாலும் வராது. நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நகம் சிக்கினால் அங்கே முள் துள்ளும், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்பவரைக் கீறல் விழுந்த ரெக்கார்டு என்கிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான். நடுத் துளையைச் சுற்றி லேபிளில் கோலம் போட்டதுபோல் தடங்கள் நிறைய இருந்தால், பலமுறை தட்டை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். கண்ணுக்கு நேரே பிடித்து நெளிவும் பாருங்கள். 7 அங்குலத் தட்டு என்றால் லேபிளில் வேகத்தைப் படிக்க மறக்காதீர்கள். எல்லாமே 45 அன்று. நம் நாட்டில் சூப்பர் 7 என்ற பெயரில் 33⅓ வேகச் சிறிய தட்டுகளும் வந்தன.

ஆனாலும் பெயின்ட் எழுத்துள்ள தட்டு ஒன்றை நான் விலை பேசாமல் வாங்கினேன். அதன் லேபிளில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு முதலில் போட வேண்டிய தட்டில் என் அப்பாவும் அப்படித்தான் புள்ளி வைப்பார். எழுதியிருந்தது வேறு யாரோ ஒருவரின் பெயர். பாட்டு பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது அச்சாகும் புதிய தட்டுகள் வாங்கத் தகுந்தவையா? (சிங்கப்பூர்)

அமெரிக்காவில் 2022இல் சுமார் 4 கோடி 10 லட்சம் தட்டுகள் விற்றன, சி.டி. 3 கோடி 30 லட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அதுவே முதல் முறை. ஆகவே எல்லாரும் அச்சிடுகிறார்கள். எதிலிருந்து அச்சிட்டார்கள் என்று மட்டும் கேளுங்கள். மூல நாடாவிலிருந்து என்றால் வாங்கலாம். இணையத்தில் ஓடும் அதே டிஜிட்டல் கோப்பிலிருந்து அச்சிட்டிருந்தால், அந்த விலைக்கு இன்ரிகோ, எக்கோ போன்ற நிறுவனங்கள் அந்தக் காலத்தில் வெளியிட்ட இளையராஜா தட்டில் நல்லதாக ஒன்றைத் தேடச் சொல்வேன்.

என் 14 வயது மகளுக்கு முழுப் பக்கம் கேட்கும் பழக்கத்தைக் காட்ட ஆசை. எதில் தொடங்கலாம்? (மருத்துவர், மதுரை)

படப் பாடல் தொகுப்பில் தொடங்காதீர்கள். பல படங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை பெரும்பாலும் வரிசை பார்த்து அமைந்தவை அல்ல. ஒரே மூச்சில் எண்ணிச் செய்த ஒன்றாக இருக்கட்டும்.

எம்.எஸ். சுப்புலட்சுமியும் ராதா விஸ்வநாதனும் பாடி 1963இல் வந்த வெங்கடேச சுப்ரபாதம் ஒன்று. சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களம் நான்கும் சேர்ந்து சுமார் 20 நிமிடம். மூன்று நிமிடத்து 78 தட்டில் இதை ஏழு துண்டாக வெட்டியிருப்பார்கள். 1948இல் எல்.பி. பிறந்ததால்தான் ஒரு விடியல் இடைவெளி விழாமல் தட்டில் அடங்கியது. அவளுக்கு இதைக் காலையில் தேநீர்க் கடையில் கேட்டுப் பழகியிருக்கும். உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டாள். இன்னொன்று, இளையராஜா 1986இல் வெளியிட்ட ஹவ் டு நேம் இட். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாகச் செய்த, படத்துக்கு வெளியே நிற்கும் இசை. வயலின் கற்கும் குழந்தை என்றால் இதுவே முதலில்.

முள்ளை அவளே இறக்கட்டும், டாக்டர். நீங்கள் பக்கத்தில் நின்று பதற வேண்டாம். ஒரு முள் போனால் வேறு வாங்கலாம்.

நீங்கள் சொன்னபடி ஒரு பக்கம் கேட்டேன். இரண்டாவது பாட்டிலேயே கை கைபேசியைத் தேடியது. (அதே பொறியாளர், கோவை)

எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் யார் வாசித்தார்கள், யார் ஒலிப்பதிவு செய்தார்கள் என்று படித்துக்கொண்டே கேளுங்கள். படித்து முடிப்பதற்குள் மூன்றாவது பாட்டு வந்துவிடும். அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.