ஐந்தே வகுத்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், 4294967297 பகா எண்ணா என்று கேட்டாள். கைபேசியில் போட்டுப் பார்த்து, "இல்லை, 641 × 6700417" என்று சொல்லிவிட்டேன். இந்த மாதிரி எண்களால் என்ன பயன்? அவளுக்கு ஒரு நல்ல கணக்குப் புத்தகம் சொல்ல முடியுமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

ஒரு வாரமாக நானும் இதே எண்ணோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றிலும் 1ஐக் கழித்து வர்க்கமாக்கி மறுபடி 1 கூட்டினால் அடுத்தது வரும். இந்த வரிசை முழுக்கப் பகா எண்களே என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித மேதை நம்பினார். ஆறாவது எண்தான் உங்கள் மகள் கேட்டது. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் ஒரு கடிதத்தின் பின்குறிப்பில் இதைப் பற்றி இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கேட்டார். ஆய்லருக்கு அப்போது 22 வயது. 1732இல் 641ஐக் காட்டினார்.

பயன் கிடக்கட்டும். நீங்கள் செய்தது தப்பு. குழந்தை கையில் இருந்த பென்சிலைப் பிடுங்கிவிட்டீர்கள். ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். இதற்கு அது ஏறக்குறைய 65536. அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன, அத்தனையாலும் வகுத்துப் பார்க்க முடியாதுதான். ஆனால் இந்த எண்ணை வகுக்கும் பகா எண், 64இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல்! ஒரு சாயங்கால வேலை.

நான் பிளஸ் ஒன் படித்தபோது இதைக் கேட்டதற்கு, "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார் வாத்தியார். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா ரேஷன் கடையில் எடை போட்டவர், எட்டாவதோடு நின்றவர். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் என்னோடு வகுக்க உட்கார்ந்தார். நான்கு எண்களுக்கு மீதி வந்தது. ஐந்தாவதில், கடைசி வரியில் 4487 வந்து நின்றது. 641ஐ ஏழால் பெருக்கினாலும் 4487. அப்பா அதன் கீழே சைபர் போட்டு இரண்டு கோடு இழுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏன் 641 என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. 641 என்றால் 625 + 16. இரண்டையும் 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்குங்கள். 625 இருந்த பக்கம் 640இன் நான்காம் அடுக்காகிறது, 16 இருந்த பக்கம் 2இன் 32ஆம் அடுக்காகிறது. இரண்டின் கூட்டுத்தொகை 641ஆல் மீதியின்றி வகுபடும். 640 என்பது 641க்கு ஒன்று குறைவு, அதனால் அதன் நான்காம் அடுக்கை 641ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் 2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் மீதி இருக்காது. அதுதான் நம் எண். எட்டாவது படித்தவருக்கும் புரியும் கணக்கு இது.

புத்தகம் அப்புறம் வாங்கலாம். முதலில் அவளை 257ஆல் வகுக்கச் சொல்லுங்கள், மீதி 2 வரும். பிறகு 65537ஆல் வகுக்கட்டும், அப்போதும் 2தான். ஏன் என்று அவளாகக் கண்டுபிடித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். அவள் எழுதட்டும், நீங்கள் வேண்டாம்.