சிங்கப்பூர் வேலை அனுமதி: விண்ணப்பம் முதல் அட்டை வரை

சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்களுக்கு வெளிநாட்டு ஊழியர்களின் வேலை அனுமதி விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். குறிப்பிட்டுள்ள தொகைகள் அனைத்தும் சிங்கப்பூர் வெள்ளியில்.

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனம் சிங்கப்பூரில் ஒரு கிளை நிறுவனத்தைப் பதிவு செய்துள்ளது. மூன்று பொறியாளர்களை அங்கே அனுப்ப வேண்டும். சென்னை அலுவலகத்திலிருந்தே நாங்கள் விண்ணப்பிக்கலாமா? எந்த அனுமதிக்கு விண்ணப்பிப்பது? (மனிதவள மேலாளர், சென்னை)

சென்னை அலுவலகம் விண்ணப்பிக்க முடியாது. பொறியாளரும் தனக்காகத் தானே விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூரில் பதிவான நிறுவனம், அல்லது அதன் சார்பில் மனிதவள அமைச்சின் உரிமம் பெற்ற வேலை முகவை, இவ்விருவரில் ஒருவர்தான் இணையவழியே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி ஊழியரின் பெயரில் வந்தாலும் அது அந்த நிறுவனத்தையும் அந்த வேலையையும் சார்ந்தது என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் விதிகள் பலவும் தாமாகவே விளங்கும்.

உங்கள் பொறியாளர்களுக்கு, நிபுணர், நிர்வாகி நிலை வெளிநாட்டு ஊழியர்களுக்கான எம்பிளாய்மென்ட் பாஸ்தான் பொருந்தும். 2025 ஜனவரி 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200 வெள்ளி. பலர் இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள். இது இளம் பட்டதாரிக்கான தொகை. வயது கூடக்கூட இதுவும் கூடி, 45 வயதில் 10,700 வெள்ளியை எட்டுகிறது. நாற்பது வயதுக் குழுத் தலைவருக்கு 6,000 வெள்ளி எழுதிக்கொண்டு வந்தால் விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடும்.

கேள்வி: சம்பளத் தகுதி இருந்தும் காம்பஸ் புள்ளிகள் போதவில்லை என்கிறார்கள். இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

காம்பஸ் என்பது எம்பிளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்களைப் புள்ளி போட்டு மதிப்பிடும் முறை. புதிய விண்ணப்பங்களுக்கு இது 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தேர்ச்சிக்கு 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் நாட்டினப் பன்முகம், உள்ளூர் ஊழியர்களின் பங்கு ஆகிய நான்கு அம்சங்களுக்கும் 0, 10, 20 என்று புள்ளிகள் கிடைக்கும். இவற்றில் முதல் இரண்டும் ஊழியரைப் பற்றியவை, அடுத்த இரண்டும் நிறுவனத்தைப் பற்றியவை. நல்ல ஊழியரைப் பிடித்துவிட்டால் போதும் என்று நினைக்கும் முதலாளிகள் இடறுவது இந்தப் பின்பாதியில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிறுவனத்தின் நிபுணர், நிர்வாகி நிலை ஊழியர்களில் 30 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்று கொள்வோம். அங்கே இன்னொரு இந்தியருக்கு விண்ணப்பித்தால், 25 விழுக்காட்டு எல்லையைத் தாண்டிவிட்டதால் பன்முகத்துக்குப் பூஜ்யம். பட்டத்துக்கு 10, சம்பளத்துக்கு 10, உள்ளூர் ஊழியர் பங்குக்கு 10 கிடைத்தாலும் மொத்தம் 30தான். மீதிப் பத்தை எட்டச் சம்பளத்தை உயர்த்தி அந்த அம்சத்தில் 20 வாங்கலாம். அல்லது அந்த வேலை அமைச்சின் திறன் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்தால் ஊக்கப் புள்ளிகள் 20 கிடைக்கும். ஆனால் ஒரே நாட்டினர் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்ட நிறுவனத்தில் அந்த ஊக்கப் புள்ளிகளும் பாதியாகக் குறைந்துவிடும்.

இருபத்தைந்துக்கும் குறைவான நிபுணர் நிலை ஊழியர்களைக் கொண்ட சிறு நிறுவனங்களுக்குப் பின்பாதி அம்சங்கள் இரண்டிலும் தலா 10 புள்ளிகள் தாமாகவே கிடைக்கும். மாதம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ சம்பளம் பெறுபவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் விவரங்களைப் போட்டுப் பார்க்காமல் எவருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஆளை முடிவு செய்துவிட்ட பிறகும் வேலை விளம்பரம் போட வேண்டுமா?

பத்து ஊழியர்களுக்குக் குறைவான நிறுவனமாகவோ, 22,500 வெள்ளிக்குக் குறையாத சம்பளமாகவோ இருப்பது போன்ற சில விலக்குகளைத் தவிர, மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாள்களாவது விளம்பரம் செய்த பின்பே விண்ணப்பிக்க முடியும். முடிவு செய்துவிட்டுப் பெயருக்கு விளம்பரம் போடுவது விதியின் நோக்கத்துக்கே எதிரானது என்பதால் அதற்கு வழி கேட்பவர்களுக்கு நான் வழி சொல்வதில்லை.

கேள்வி: பட்டச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரியும் கடப்பிதழில் வேறு மாதிரியும் உள்ளது. நோட்டரி முத்திரை பெற்ற நகல் போதுமா? (இயந்திரப் பொறியாளர், திருச்சி)

இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். சான்றிதழில் “செ. முத்து” என்று இருக்கும், கடப்பிதழ் எடுக்கும்போது தலைப்பெழுத்தை விரித்து “முத்து செல்வம்” ஆகியிருக்கும், இன்னொருவர் கடப்பிதழிலோ குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். விண்ணப்பத்தில் கடப்பிதழில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் அப்படியே எழுதுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் உங்களுடையதே என்பதற்கான ஆவணத்தைச் சரிபார்ப்பைத் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். என் ஆரம்ப காலத்தில் ஒரு விண்ணப்பத்தில் நானே “அழகாக இருக்கட்டும்” என்று பெயரின் முன்பின்னை மாற்றி எழுதிவிட்டு, அந்த ஒரு வரியைத் திருத்துவதற்குள் ஊழியரின் பயணத் தேதி தள்ளிப்போனதைப் பார்த்தேன்.

நோட்டரி முத்திரை சரிபார்ப்பு ஆகாது. கல்வித் தகுதிக்குப் புள்ளி கேட்பதானால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் உண்மையில் வழங்கியிருக்கிறது என்று பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனமோ பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்புத் தளமோ தரும் சான்று வேண்டும். அந்தப் புள்ளி இல்லாமலே 40 எட்டுமானால் பட்டத்தைக் குறிப்பிட வேண்டிய கட்டாயமே இல்லை. போலிச் சான்றிதழ் கொடுத்துப் பொய் உரைத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கேள்வி: ஐபிஏ கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை வேலையைத் தொடங்கலாமா?

கூடாது. ஐபிஏ என்பது கொள்கை அளவிலான ஒப்புதல்தான். அதைக் காட்டிச் சிங்கப்பூருக்குள் வரலாம். ஆனால் நிறுவனம் அனுமதியை வழங்கச் செய்து, அதற்கான அறிவிப்புக் கடிதம் கையில் வந்த பிறகே வேலை செய்யலாம். எம்பிளாய்மென்ட் பாஸுக்கு ஐபிஏ ஆறு மாதம் செல்லும்; நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான எஸ் பாஸுக்கு 60 நாள்கள்தான். விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி. எம்பிளாய்மென்ட் பாஸ் வழங்கும்போது மேலும் 225 வெள்ளி. கைரேகையும் புகைப்படமும் பதிந்த பிறகு அட்டை வரும்.

கேள்வி: சிறிய உணவகம் நடத்துகிறேன். உள்ளூர் ஊழியர் ஒன்பது பேர். ஊரிலிருந்து ஒரு சமையல்காரரை எடுக்க முடியுமா? (உணவக உரிமையாளர், லிட்டில் இந்தியா)

சேவைத் துறையில் எஸ் பாஸ் ஊழியர்கள் மொத்த ஊழியரணியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வரப்போகிறவரையும் சேர்த்துத்தான் மொத்தம் என்பதால் உங்கள் ஒன்பது பேரோடு அவர் பத்தாவது ஆள், கோட்டா ஒன்று, கணக்குச் சரியாக இருக்கிறது. உள்ளூர் ஊழியரில் ஒருவர் விலகினாலும் அந்தச் சரி கெட்டுவிடும். 2025 செப்டம்பர் 1 முதல் எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 650 வெள்ளி. தீர்வை உங்கள் செலவு. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இந்திய உணவகச் சமையல்காரர்களை, எஸ் பாஸுக்கு அடுத்த கீழ்நிலை வேலை அனுமதியான ஒர்க் பெர்மிட்டில் எடுக்கவும் 2023 செப்டம்பர் முதல் வழி உண்டு. குறைந்தது 2,000 வெள்ளிச் சம்பளம், தனியொரு கோட்டா உச்சவரம்பு என்ற நிபந்தனைகளோடு. உங்களுக்கு இந்த வழியையும் கணக்குப் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: அண்ணன், கட்டுமான வேலைக்கு ஏஜென்ட் ஒருவர் ஐந்து லட்சம் ரூபாய் கேட்கிறார். பாதிப் பணம் முதலாளிக்குப் போகும் என்கிறார். கட்டலாமா? (புதுக்கோட்டை)

தம்பி, கட்டாதீர்கள். வேலை கொடுப்பதற்காக முதலாளி ஊழியரிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். சிங்கப்பூர் முகவை ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். இந்தியாவில் ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். ஐந்து லட்சம் எந்தக் கணக்கிலும் வராது.

ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்லும் சம்பளத்தை விட்டுவிட்டு ஐபிஏ கடிதத்தைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் மொழியிலும் அதை அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. அடிப்படைச் சம்பளக் கட்டத்தில் உள்ள எண்ணைத் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் மிகைநேரக் கூலி அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். “எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு” என்று பேசிவிட்டு அந்தக் கட்டத்தில் ஐந்நூறு எழுதியிருந்த கடிதத்தை நானே பார்த்திருக்கிறேன். உங்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகையையும் உங்களிடம் கேட்க முடியாது.

கேள்வி: மனைவியையும் பெற்றோரையும் அழைத்து வரலாமா?

எம்பிளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் உள்ளவரின் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால் மனைவிக்கும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், 12,000 வெள்ளி இருந்தால் பெற்றோருக்கும் விண்ணப்பிக்கலாம். மனைவி ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வதானால், 2021 மே 1 முதல், அவருக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும்.

கேள்வி: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தால் பலன் உண்டா?

மூன்று மாதத்துக்குள் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதே காகிதங்களோடு “மறுபரிசீலனை செய்யுங்கள்” என்று வேண்டுவதில் பலன் இல்லை. நிராகரிப்புக் கடிதத்தில் சொன்ன குறை எதுவோ அதற்கு நேரான மாற்றம் வேண்டும்: உயர்த்தப்பட்ட சம்பளம், புதிதாகக் கிடைத்த சரிபார்ப்புச் சான்று போன்று ஏதாவது ஒன்று. வெறும் பதவிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். முதல் விண்ணப்பமும் அந்த அதிகாரியின் திரையில் இருக்கும்.