அப்பாவுக்கு எந்தக் கருவி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், 71 வயது. சென்ற ஆண்டு இரண்டு கண்ணிலும் புரை நீக்கியாயிற்று. தமிழ் மின்னூலகத்திலிருந்தும் ஆர்க்கைவ் (archive.org) தளத்திலிருந்தும் பழைய உரைநூல்களைத் தரவிறக்கிக் கைப்பேசியில் வாசிக்கிறார். ஒரு மணி நேரத்தில் கண் எரிகிறது என்று வைத்துவிடுகிறார். டொரோன்டோவில் இருக்கும் அக்கா, தான் வைத்திருக்கும் அதே 6 அங்குலக் கோபோ மின்னூல் வாசிப்புக் கருவியை அனுப்புகிறேன் என்கிறாள். நான் வாங்கும் தமிழ் நாவல்கள் எல்லாம் அமேசானின் கிண்டில் பேப்பர்வைட்டில்தான். அப்பாவுக்கும் கிண்டிலே போதும் என்று தோன்றுகிறது. இரண்டில் எது நல்லது?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் கிண்டில் உங்களுக்குச் சரி. அக்காவின் கோபோ அவருக்குச் சரி. ஆனால் அப்பாவுக்கு அந்த அளவில் இரண்டையுமே வாங்க வேண்டாம்.

6, 7 அங்குலக் கருவிகளில் திரையை வைத்துத் தேர்ந்தெடுக்க இன்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டிலும் இ-இங்க் நிறுவனத்தின் தாள் போன்ற திரைதான், அங்குலத்துக்கு 300 படப்புள்ளிதான் (பிக்சல்). மஞ்சள் ஒளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பேப்பர்வைட்டில் உண்டு, அடிப்படைக் கிண்டிலில் இல்லை. மற்றபடி நம் நூல்கள் எங்கிருந்து வருகின்றன, என்ன கோப்பாக வருகின்றன என்பதுதான் கருவியை முடிவு செய்ய வேண்டும்.

அக்காவுக்குக் கோபோ பொருந்துவதற்குக் காரணம் நூலகம். நூலகங்களின் மின்னூல்களை இரவல் தரும் ஓவர்டிரைவ் சேவை கோபோவில் உள்ளேயே இருக்கிறது. நூலக அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டால் கருவியிலிருந்தே இரவல் எடுக்கலாம், தவணை முடிந்ததும் நூல் தானாகத் திரும்பிவிடும். கிண்டிலில் ஓவர்டிரைவ் இரவல் அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான், கனடாவில் கிடையாது. நீங்கள் திருச்சியில் இருந்துகொண்டு தமிழ் நாவல்களை விலைக்கு வாங்குகிறீர்கள். 2016 இறுதியில் கிண்டில் தமிழுக்குத் திறந்ததிலிருந்து நம் பதிப்பகங்களும் எழுத்தாளர்களும் அங்கேதான் அதிகம் வெளியிடுகிறார்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ஓடு நிறுத்திவிட்டது. நாளை வேறு கருவிக்கு மாறினால் உங்கள் நூல்கள் கூடவே வரும் என்று நம்ப வேண்டாம்.

அப்பா வாசிப்பது ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் எழுத்து என்று எதுவும் இல்லை, பக்கத்தின் படம்தான் இருக்கிறது. அதனால் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் அங்கே வேலை செய்யாது. 6 அங்குலத் திரை ஏறக்குறைய 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். டெம்மி அளவுப் புத்தகப் பக்கம் 14க்கு 21.5. முழுப் பக்கமும் திரையில் தெரிய வேண்டுமானால் 57 விழுக்காடாகச் சுருங்கும். 11 பாயின்ட் எழுத்தில் அச்சான மூலப் பாடல் 6 பாயின்டாகிவிடும். உரையும் அடிக்குறிப்பும் 9 பாயின்டில் இருந்தால் 5 பாயின்டுக்கு வந்துவிடும். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் எழுத்து அது. ஓரத்தை வெட்டி, திரையைக் குறுக்காகத் திருப்பினால் அச்சை விடச் சற்றுப் பெரிதாகவே தெரியும், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டும். பாடல் மேலே போய்விடும், உரை கீழே நிற்கும். உரைநூல் வாசிப்பவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை.

10.3 அங்குலத் திரை 15.7க்கு 20.9 செ.மீ. டெம்மிப் பக்கம் கிட்டத்தட்ட அச்சில் இருந்த அளவிலேயே தெரியும். ஓரத்தை வெட்டிவிட்டால் அச்சை விட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகும். அக்கா அனுப்புவதானால் 10.3 அங்குலக் கோபோ எலிப்சாவை அனுப்பச் சொல்லுங்கள். யாராவது ஊருக்கு வரும்போது கையில் கொடுத்துவிடுவது மேல். கூரியரில் வந்தால் சுங்க வரி சேரக்கூடும். இங்கேயே வாங்குவதென்றால் ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் கருவிகளில் அதே அளவைப் பாருங்கள். அதில் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்காது. கிண்டில் ஸ்கிரைப்பின் 2022, 2024 மாதிரிகள் 10.2 அங்குலம், அதிலும் ஓரத்தை வெட்டி வாசிக்கலாம்.

கோபோ வந்தால் கேஓரீடர் என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பி வழியாக ஏற்றிக்கொடுங்கள். அப்பாவுக்கு அதில் இரண்டு அமைப்பு முக்கியம். ஒன்று, ஓரம் வெட்டுவது. இரண்டாவது, கான்ட்ராஸ்ட். பழைய தாளின் மஞ்சள் நிறம் இ-இங்க் திரையில் சாம்பலாகத்தான் விழும். சாம்பல் மேல் கறுப்பு எழுத்து மங்கித் தெரியும். கான்ட்ராஸ்டை ஏற்றினால் தாள் வெளுத்து எழுத்து எழுந்து நிற்கும். அளவு மீறினால் மெல்லிய கோடுகள் அழிந்து, புள்ளி வைத்த மெய்யும் வைக்காத உயிர்மெய்யும் ஒன்றுபோல் ஆகிவிடும். புள்ளி தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

ஆர்க்கைவ் தளத்துக் கோப்புகளில் பக்கம் புரள சில நொடி பிடித்தால் கருவி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அங்கே படங்களைச் சுருக்கும் ஜேபெக் 2000 முறையைப் பிரித்துக் காட்ட இந்தக் கருவிகளின் சில்லு திணறுகிறது. கணினியில் அந்த பிடிஎஃப்பைக் கறுப்பு வெள்ளைச் சாயலில் சாதாரண ஜேபெக் படங்களாக மறுபடி சேமித்து ஏற்றினால் வேகம் வந்துவிடும்.

கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் மாற்றிக் கொடுக்குமே என்று கேட்பீர்கள். ஸ்கேன் படத்தை அது எழுத்தாக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பை மாற்றினால் தமிழ் போய் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டில் உள்ள இபப் (EPUB) மின்னூல் கோப்புதான் ஒழுங்காகப் போகும். மின்னஞ்சலில் 50 எம்பி வரைதான். அனுப்பும் முகவரியை உங்கள் அமேசான் கணக்கில் அனுமதிப் பட்டியலில் சேர்க்காவிட்டால் கோப்பு வந்து சேராது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

அப்பா தேடும் நூல் யூனிகோடில் எங்காவது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் திருமுறைகள், சங்க இலக்கியம் எல்லாம் தட்டச்சு செய்த எழுத்தாகவே இருக்கின்றன. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இபப் தவிர 6 அங்குலத் திரைக்கென்றே தனிப் பிடிஎஃப்பும் தருகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கியதும் சீர்செய்த வரியை இடப்பக்கச் சீருக்கு மாற்றிவிடுங்கள். தமிழ்ச் சொல் நீளமானது. வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும், இரு பக்கமும் நேராக்கினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும்.

எடையையும் யோசியுங்கள். 6 அங்குலக் கிண்டில் 158 கிராம், 10.2 அங்குல ஸ்கிரைப் 433 கிராம். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிக்க முடியாது. மேசையில் சாய்த்து வைக்கும் உறையை அன்றே வாங்குங்கள்; அது திரையையும் காக்கும். இந்தக் கருவிகள் பழுதாவது பெரும்பாலும் பையில் அழுந்தித் திரை உடைவதால்தான், திரை மாற்றும் செலவு புதுக் கருவி விலையை நெருங்கிவிடும்.

அக்காவிடம் பேசுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அப்பா இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் கோப்பில், அடிக்குறிப்பு உள்ள ஒரு பக்கத்தை 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு முறையும் 21 செ.மீ. உயரத்துக்கு ஒரு முறையும் அச்சிட்டு, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான கண்ணாடியோடு வாசிக்கச் சொல்லுங்கள். சிறியதை அவர் சிரமமில்லாமல் வாசித்துவிட்டால் 6 அங்குலக் கோபோவே வரட்டும்.