பேலியகொடையில் முடியும் வீதி

அன்புள்ள ஐயா,

துறைமுகத்துக்கான, தூண்களின் மேல் செல்லும் உயர்மட்ட நெடுஞ்சாலையைப் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய குறிப்பில், கொழும்பு நகரத்தின் நடுவுக்கு அதிவேக வீதி வராமலிருப்பதே நல்லது என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். முப்பது வருடங்களாக வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து, அதிவேக வீதி முடியும் பேலியகொடைக்கு இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம்; அங்கிருந்து வீட்டுக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிறது. தெற்கே போவதானால், கொட்டாவையில் அதிவேக வீதியில் ஏறுவதற்குள்ளேயே களைத்துவிடுகிறோம். மாப்பிள்ளையை மேளதாளத்தோடு ஊர் எல்லை வரை அழைத்து வந்து, இனிப் பந்தலுக்கு நீயே வழி விசாரித்துக்கொண்டு போ என்று விட்டதைப் போலிருக்கிறது. உலகத்தில் வேறெந்த நகரமாவது இப்படிச் செய்யுமா? காலிமுகத்திடலிலிருந்து வெள்ளவத்தை வரை கடலோரமாகத் தூண்களின் மேல் ஓர் இணைப்பு வீதி வேண்டுமென்று எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர்கள் மனு தயாரிக்கிறார்கள். தாங்களும் கையொப்பமிடுவீர்களா?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச. அவர்களுக்கு,

ஒற்றை வரியில் முடித்தது என் பிழைதான். தாங்கள் சொல்லும் அலைச்சலை நான் அறியாதவனுமல்லன். கடந்த மார்கழியில் கனடாவிலிருந்து வந்த தங்கையின் குடும்பத்தை அழைத்துக்கொண்டு விமான நிலையத்திலிருந்து திரும்பிய மாலையில், அதிவேக வீதியை விட்டு இறங்கியதும் முன்னால் ஒரு கொள்கலன் லொறியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பேஸ்லைன் வீதியில் தெமட்டகொடையைத் தாண்டும் வரை ஏதோவொரு சிவப்பு விளக்கு எங்கள் கண்ணெதிரே இருந்துகொண்டேயிருந்தது. கச்சான் விற்ற பையன் எங்கள் வானைக் கடந்து முன்னே போய், விற்று, திரும்பி வந்து, மறுபடியும் கடந்து போனான். பெட்டிகளுக்கு இடையில் மடக்கிய காலோடு இருந்த மைத்துனர், “விமானத்தில்கூட இவ்வளவு நெருக்கமில்லை, அத்தான்” என்றார். ஆகவே நெரிசல் இல்லையென்று நான் வாதிடப் போவதில்லை. அந்த நெரிசலுக்குக் காரணம் விடுபட்ட இணைப்பா என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

இந்த வலையமைப்பு எதற்காகப் போடப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலிக்கும், 2013 ஒக்டோபரில் பேலியகொடையிலிருந்து கட்டுநாயக்கவுக்கும் வீதிகள் திறக்கப்பட்டன. இவ்விரண்டையும் இணைக்கும் வெளிச்சுற்றுவட்டம் 2014 முதல் துண்டு துண்டாகத் திறக்கப்பட்டு, 2019 நவம்பரில் கட்டுநாயக்க வீதியிலுள்ள கெரவலப்பிட்டியைத் தொட்டது. அன்றிலிருந்து மாத்தறையில் ஏறுகிறவர் கொழும்பின் ஒரு சந்தியைக்கூடக் காணாமல் விமான நிலையத்தை அடையலாம். நகரத்துக்குள் வேலையில்லாதவர்களை நகரத்துக்குள் வராமல் தடுப்பதே அந்த வளையத்தின் பயன். அதை அது செய்கிறது.

உண்மையாகவே விடுபட்ட இணைப்பு என்று நான் சொல்வது மத்திய அதிவேக வீதியின் கடவத்தை–மீரிகம பகுதியைத்தான். 2022 ஜனவரியில் மீரிகமவிலிருந்து குருநாகல் வரை சுமார் 40 கி.மீ. திறந்துவிட்டார்கள், அதை ஏனைய அதிவேக வீதிகளோடு சேர்க்கும் முதற்பகுதியோ, பொருளாதார நெருக்கடியில் நின்றுபோய், 2025இல்தான் மறுபடி வேலை கண்டது. தலையில்லாமல் உடல் மட்டும் ஓடுகிறது. தங்கள் மாப்பிள்ளை உவமை அங்கேதான் சரியாகப் பொருந்தும்.

துறைமுகத்தின் கதை வேறு. 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தருகிலிருந்து துறைமுக எல்லையோரமாகக் காலிமுகத்திடல் நோக்கி 5.3 கி.மீ. நீளத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் திட்டமிடப்பட்ட வீதியை நான் எதிர்க்கவில்லை. கொள்கலனைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஏற முடியாது. நான் கொட்டாஞ்சேனைக்காரன், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இந்த லொறிகளுக்கிடையே பிள்ளைகளின் கையைப் பிடித்து வீதியைக் கடக்கும் தாய்மாரை நாள்தோறும் பார்க்கிறேன். லொறிகள் மேலே போகட்டும். ஆனால் அதே வீதி துறைமுகத்தைத் தாண்டிக் காலிமுகத்திடலுக்கு நீளும்போது, அது கார்களுக்கான வாசலாகிவிடுகிறது. என் சந்தேகம் அந்த வால்பகுதியில் தொடங்குகிறது.

வேறெந்த நகரமாவது இப்படிச் செய்யுமா என்று கேட்டீர்கள். லண்டனின் தெற்குப் பக்கத்துக் குரோய்டனில் தங்களுக்கு உறவினர் எவரேனும் இருந்தால் அவர்களையே கேட்டுப் பாருங்கள். கேட்விக் விமான நிலையத்திலிருந்து வடக்கே வரும் எம்23 நெடுஞ்சாலை, ஸ்ட்ரெத்தம் வரை லண்டனுக்குள் செல்ல வேண்டுமென்றே முதலில் வரையப்பட்டது. இன்றும் அது ஹூலி என்ற இடத்தில் சட்டென்று முடிந்து, கூல்ஸ்டன், பேர்லி வழியாக ஒரு சாதாரண வீதியில் நம்மவர்களை ஊர்ந்து போக வைக்கிறது. பணம் முடிந்துவிட்டதால் மட்டும் அது அங்கே நிற்கவில்லை. லண்டனுக்குள் வளைய வளையமாக அதிவேக வீதிகளை அமைக்கும் திட்டத்தை, இடிபடவிருந்த வீடுகளைக் கண்டு மக்கள் எதிர்த்தார்கள். 1973இல் மாநகர நிர்வாகம் கைமாறியதும் அது கைவிடப்பட்டது. ஐம்பது ஆண்டுகளாக எவரும் அந்த வீதியை உள்ளே நீட்டவில்லை. அதற்காக லண்டன் படுத்துவிடவும் இல்லை, ஏனெனில் குரோய்டனிலிருந்து ரயில் இருக்கிறது.

வீதி வந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. தடையில்லாத அதிவேக வீதியின் ஓர் ஒழுங்கையில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2,000 வாகனங்கள் செல்லலாம். சமிக்ஞை விளக்குள்ள நகர வீதியில் பச்சை பாதி நேரம்தான் எரியும் என்பதால், அதே அகலத்தில் 1,000 வாகனங்கள் போவதே அரிது. இரண்டு ஒழுங்கைகளில் வந்து இறங்குபவர்களை ஏற்றுக்கொள்ள நான்குக்கு மேற்பட்ட ஒழுங்கைகள் காலியாகக் காத்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில், அதுவும் மாலை ஆறு மணிக்கு, அப்படிக் காத்திருக்கும் வீதி எதுவென்று தாங்களே சொல்லுங்கள். அண்டாவைத் தூக்கிச் செம்புக்குள் கவிழ்ப்பதற்கு அண்டாவைச் செம்பின் வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோவது தீர்வாகாது. பேலியகொடையில் நிற்கும் வரிசை, பம்பலப்பிட்டிச் சந்தியில் தூண்களின் மேல் நிற்கும். கடற்காற்று வரும் என்பது மட்டுமே வித்தியாசம்.

இந்த விவாதத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் கிழக்குப் பக்கம். மாலபேயிலிருந்து பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளை வழியாகக் கோட்டை வரை ஏறத்தாழ 16 கி.மீ. இலகு ரயில் பாதைக்கு 2019இல் ஜப்பானியக் கடனுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்று இரத்துச் செய்தார்கள். அதன் மை காய்வதற்குள், ஏறக்குறைய அதே நீளத்தில், அதே ராஜகிரிய வழியாக, புதிய களனிப் பாலத்திலிருந்து அத்துருகிரிய வரை தூண்களின் மேல் அதிவேக வீதி அமைக்கும் பேச்சு மும்முரமானது. 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட தலங்கமக் குளத்தைச் சூழ்ந்த ஈரநிலத்தை அது ஊடறுக்கும் என்று அங்குள்ளவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் ‘ராம்சார் ஈரநில நகரம்’ என்ற தகுதியை 2018இல் கொழும்பு பெற்றது இந்த ஈரநிலங்களை வைத்துத்தான். ஒவ்வொரு மழைக்கும் நம் வெள்ளத்தை வாங்கிக்கொள்பவையும் அவைதான். நெருக்கடி வந்து அந்த வீதி முடங்கியது. ரயிலும் இல்லை, வீதியும் இல்லை. மாலபேயில் வேலை செய்யும் என் மருமகன் இன்றும் பஸ்ஸில் தொங்குகிறான்.

கொட்டாவையைப் பற்றித் தாங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. காலி, மாத்தறை அதிவேக பஸ்கள் புறப்படும் அங்குள்ள மகும்புர நிலையத்தின் அருகிலேயே களனிவெளிப் புகையிரதப் பாதை போகிறது. ஒரு காலத்தில் தேயிலையும் றப்பரும் ஏற்றுவதற்காக மலையைச் சுற்றிச் சுற்றிப் போட்ட குறுகிய தண்டவாளம், பின்னர் அகலமாக்கப்பட்டாலும் வளைவுகள் மாறவில்லை. நகரப் பகுதியிலேயே ஒற்றைப் பாதைதான். அதனால் ரயிலை நம்பாமல் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஹைலெவல் வீதி நெடுக ஊர்கிறார்கள். கொட்டாவைக்கும் நகரத்துக்கும் இடையில் விடுபட்டிருப்பது அந்த இரண்டாவது தண்டவாளம்.

இனி மனுவுக்கு வருகிறேன். காலிமுகத்திடலுக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் கடலோரமாக ஏற்கெனவே ஓர் இணைப்பு இருக்கிறது. கோட்டையில் ஏறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று வந்து, தங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிடும் இரட்டை ரயில் பாதை அது. இரண்டு பெட்டியும் ஒரு கைக்குழந்தையுமாக மாலை ரயிலில் அதைப் பயன்படுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேடைக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு முழ உயரம். கூட்டம் கதவுக்கு வெளியே தொங்குகிறது. இவற்றைச் சரிசெய்வதற்குத் தேவையான பணம், கடலோரத்தில் ஒரு கிலோமீற்றர் தூண் நடுவதற்கான பணத்தோடு ஒப்பிட்டால் சில்லறை.

எனவே மனுவின் மூன்றாம் பந்தியில் “உயர்மட்ட இணைப்பு வீதி” என்றிருக்கும் இடத்தில், விமான நிலைய அதிவேக பஸ்களிலிருந்து இறங்குவோருக்கு ஏற்ற நேர அட்டவணையுடன் கடலோர ரயில்கள், மேடை உயர்த்தல், கடலோர வீதியான மரைன் டிரைவில் காலையும் மாலையும் பஸ்ஸுக்கென ஓர் ஒழுங்கை என்று எழுதி அனுப்புங்கள். அப்படி வந்தால் கையொப்பம் இடுவதோடு, கொட்டாஞ்சேனையில் இன்னும் இருபது பேரிடம் வாங்கித் தருகிறேன். இப்போதிருக்கும் வடிவத்தில் என்னால் இட இயலாது. தாங்கள் மன்னிக்க வேண்டும்.