வாசகர் கேள்வி: வாசிப்பு மாரத்தானுக்கு எப்படி ஆயத்தமாவது?

ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையன்று, தனியாகவோ நண்பர்களோடு ஓரிடத்தில் கூடியோ, காலை முதல் இரவு வரை தொடர்ந்து வாசிக்கும் ‘வாசிப்பு மாரத்தான்’ ஒன்றை நம் வாசகர்கள் மேற்கொள்ளலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து அதுகுறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை: நான் முதல் முறையாக இதில் இறங்குகிறேன். ஒரு நாளில் எத்தனை பக்கங்கள் வாசிக்க முடியும்? எந்தப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்வது?

பக்கக் கணக்கை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல இயலாது. இந்த வாரத்தில் ஏதேனும் ஒரு மாலை, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நீங்கள் வாசிக்க நினைத்திருக்கும் நூலையே எடுத்து ஒரு மணி நேரம் வழக்கமான வேகத்தில் வாசித்துப் பாருங்கள். அதில் கிடைக்கும் எண்ணிக்கையை அப்படியே பன்னிரண்டால் பெருக்கிவிடக் கூடாது. காலையின் முதல் மூன்று மணி நேரத்தில் இருக்கும் வேகம் மதிய உணவுக்குப் பிறகு இருப்பதில்லை. உண்பதற்கும் நடப்பதற்கும் கண்ணை மூடிச் சற்றே சாய்ந்திருப்பதற்கும் நேரம் வேண்டும். பெருக்கி வரும் தொகையில் பாதியை இலக்காக வைத்துக்கொண்டால், நாளின் முடிவில் துரத்தப்பட்ட உணர்வு இல்லாமல் எழுந்திருக்கலாம்.

புத்தகத் தேர்வில் நம் பகுதிக்கு ஒரு தனிப் பேறு உண்டு. ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24 அன்று கடலூரில் பிறந்தார். புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். பிரபஞ்சன் 1945 ஏப்ரல் 27 அன்றும், பாரதிதாசன் 1891 ஏப்ரல் 29 அன்றும் புதுச்சேரியில் பிறந்தார்கள். உலகப் புத்தக நாளை அடுத்த ஆறு நாள்களுக்குள் நால்வரின் பிறந்தநாளும் வந்துவிடுகிறது. இவர்களின் எழுத்தை மட்டுமே வைத்து ஒரு முழுநாளுக்கான பட்டியலைத் தயாரிக்க முடியும் என்பதோடு, நாவல், குறுநாவல், சிறுகதை, கவிதை என்ற வேறுபாடும் அதில் தானாகவே அமைந்துவிடும்.

அந்த வேறுபாடு மிகவும் தேவையானது. நான்கு பெரிய நாவல்களை அடுக்கிவைத்துக்கொண்டு உட்காருபவர்கள் இரண்டாவது நாவலின் நடுவிலேயே சோர்ந்துபோகிறார்கள். மனம் தெளிவாக இருக்கும் காலை வேளைக்குக் கனமான நூலை வையுங்கள். உண்டபின் கண் செருகும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையிலான பொழுதுக்குச் சிறுகதைகள் பொருத்தமானவை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் எழுந்து நின்று தண்ணீர் குடிக்க ஓர் இடம் கிடைக்கிறது. மாலையில் கவிதையை வாய்விட்டு வாசியுங்கள். இரவுக்கு, ஏற்கெனவே பாதி வாசித்து, முடிவை அறியும் ஆவலோடு இருக்கும் நாவல் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். இவற்றுக்கு அப்பால் இரண்டு புத்தகங்கள் உபரியாக இருக்கட்டும். ஐம்பது பக்கங்களுக்குப் பிறகும் ஒரு நூல் உங்களை உள்ளே அழைத்துக்கொள்ளவில்லையெனில் அதை மூடிவைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பதில் தவறேதும் இல்லை. அந்நூலுக்குரிய நாள் பின்னர் வரும்.

புத்தகங்களை விலைக்கு வாங்க வேண்டும் என்பதுமில்லை. 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. முதல் நாள் மாலையில் ஓடாமல், ஒரு வாரம் முன்னதாகவே சென்று எடுத்து வந்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்: எழுபதைக் கடந்துவிட்டேன். ஒரு மணி நேரம் வாசித்தால் கண்ணில் நீர் வழிகிறது, எழுத்து மங்குகிறது. என்னைப் போன்றோர் இதில் கலந்துகொள்ள இயலுமா?

ஐயா, தாங்கள் அவசியம் கலந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒன்றை உற்று வாசிக்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. கண்ணின் மேற்பரப்பு உலர்வதால் எரிச்சலும், அதைத் தொடர்ந்து நீர் வடிவதும் ஏற்படுகின்றன. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஏதேனும் ஒன்றை இருபது விநாடிகளாவது பார்த்திருப்பது என்ற பழக்கம் இதற்கு உதவும். விளக்கின் ஒளி பின்னாலிருந்து தோளுக்கு மேலாகப் பக்கத்தின் மீது விழ வேண்டும். முகத்துக்கு நேரே விளக்கு இருக்கலாகாது. கண்ணாடியின் அளவைப் பரிசோதித்து நெடுநாளாகியிருந்தால், மாரத்தானுக்கு முன்பாகவே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எழுத்து மங்குவதற்குக் கண்புரை உள்ளிட்ட காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்ததாகச் சொல்ல விரும்புவதை இந்தப் பகுதியில் வாழும் எல்லா வாசகர்களுக்குமாகவே சொல்கிறோம். நாள் முழுவதும் வாசிப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. சிவன் கோயில்களில் நடைபெறும் திருவாசகம் முற்றோதலைத் தாங்கள் அறிவீர்கள். 51 பதிகங்கள், 658 பாடல்கள். காலையில் தொடங்கி அன்றைய தினமே நிறைவு செய்கிறார்கள். அங்கே எவரும் தனியாக மூச்சு வாங்குவதில்லை. ஒருவர் முன்னெடுக்க மற்றவர்கள் தொடர்கிறார்கள். தொண்டை கட்டியவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். உணவை வேறு சிலர் கவனித்துக்கொள்கிறார்கள். எழுத்தறியாத மூதாட்டியும் பக்கத்தில் அமர்ந்து முழுமையாகப் பங்குபெறுகிறார். தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாள்கணக்கில் ஒரு பெருங்காப்பியத்தை ஊரே உட்கார்ந்து கேட்டு முடிப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கேட்பதையும் வாசிப்பாகவே மதித்த மரபு நம்முடையது.

ஆகவே, தாங்கள் தனியாக இதைச் செய்ய வேண்டாம். தங்களிடம் பயின்றவர்கள் நான்கைந்து பேரையாவது அழைத்து, ஒரே நூலை ஆளுக்கு அரைமணி நேரம் என்று மாறிமாறி வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தங்கள் முறை வரும்போது பெரிய எழுத்தில் அச்சிட்ட பிரதியைக் கையில் எடுங்கள். மற்ற நேரத்தில் கண்ணை மூடிக் கேளுங்கள். வாய்விட்டு வாசிக்கும்போது வேகம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வாக்கியத்தின் ஓசை, அதை எழுதியவர் எங்கே நிறுத்தினார், எங்கே மூச்சைப் பிடித்தார் என்பவையெல்லாம் அப்போதுதான் நமக்குப் புலப்படுகின்றன.

இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்: மூன்று வேளைச் சமையல், மாமியாருக்கு நேரம் தவறாமல் தர வேண்டிய மருந்து, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். எனக்கு மாரத்தான் சாத்தியமா?

எங்களுக்கு வந்த கடிதங்களில் மிகவும் முக்கியமானது உங்களுடையது என்று கருதுகிறோம், அம்மா. வாசிப்பு மாரத்தானுக்கு வழிகாட்டும் குறிப்புகள் பெரும்பாலும், சாப்பாடு எப்படியோ மேசைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையிலேயே எழுதப்படுகின்றன. அந்தச் சாப்பாட்டைக் கொண்டுவருபவரும் ஒரு வாசகராக இருக்கக்கூடும் என்பதை அவை நினைப்பதில்லை.

முதல் நாளே புளிச்சோறு கிளறி, மாவு அரைத்து, எல்லாவற்றையும் செய்து வைத்துவிடுங்கள் என்று சிலர் யோசனை கூறுவார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. வேலை அப்போதும் உங்களிடமே இருக்கிறது. களைத்த உடலோடு மறுநாள் புத்தகத்தின் முன் அமர்ந்தால் பத்தாவது பக்கத்தில் உறக்கம் வந்துவிடும். இரண்டு வாரங்களுக்கு முன்பே வீட்டில் நாளைச் சொல்லிவிடுங்கள். எந்த வேளை உணவை யார் பொறுப்பேற்பது, மருந்தை யார் எடுத்துக் கொடுப்பது என்பதை ஒரு தாளில் எழுதி அடுக்களையில் ஒட்டுங்கள். மருந்தின் பெயரும் நேரமும் உங்கள் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது. கணவர் சமைத்துப் பழகாதவராயின் அதற்கு முந்தைய ஞாயிறன்று ஒரு வேளை சமைத்துப் பார்க்கட்டும். அதுவும் ஆயத்தத்தில் ஒரு பகுதியே.

முழுநாள் கிடைக்கவே கிடைக்காது என்றால், நாளைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் இரண்டு மணி நேரம், பிற்பகலில் இரண்டு மணி நேரம், இரவு அனைவரும் உறங்கியபின் ஒன்றரை மணி நேரம் என்று சனி, ஞாயிறு இரண்டு நாள்களிலும் அமர்ந்தால் பதினொரு மணி நேரம் ஆகிறது. 2007 அக்டோபரில் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் தொடங்கி, இன்று பல நாடுகளிலும் பின்பற்றப்படும் 24 மணி நேர வாசிப்பு மாரத்தானிலும், இயன்ற சில மணி நேரம் மட்டும் கலந்துகொள்வோர் முழுப் பங்கேற்பாளர்களாகவே ஏற்கப்படுகிறார்கள். துண்டு துண்டான நேரத்துக்குச் சிறிய அத்தியாயங்களைக் கொண்ட நூலே ஏற்றது. எழுந்துபோகும்போது கடைசியாக வாசித்த பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் அதற்கு முந்தைய பத்தியிலிருந்து தொடங்கினால் விட்ட இழை கைக்கு வந்துவிடும்.

வாசகர், அரியாங்குப்பம்: இரவு முழுவதும் விழித்திருந்து வாசிக்க எத்தனை முறை காபி குடிக்கலாம்?

விழித்திருக்கவே வேண்டாம் என்பது எங்கள் பதில். காபியில் உள்ள காஃபீனில் பாதி உடலிலிருந்து வெளியேறவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு ஒன்பது மணிக்குக் குடித்த காபி, நீங்கள் இரண்டு மணிக்குப் படுக்க விரும்பும்போதும் உடலில் பாதியளவு இருக்கும். வாசித்தவை நினைவில் பதிவதற்கும் உறக்கம் தேவைப்படுகிறது. பிற்பகல் மூன்று மணியோடு காபியை நிறுத்திக்கொண்டு, பத்து மணிக்கு உறங்கி, விடியற்காலையில் எழுந்து மீண்டும் தொடருங்கள். ஏப்ரல் வெயிலில் நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காபியைவிட மோரும் தண்ணீருமே அன்று அதிகம் தேவைப்படும்.

தந்தை, முத்தியால்பேட்டை: ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனையும் சேர்த்துக்கொள்ளலாமா? நூறு பக்கத்துக்கு ஒரு பரிசு என்று அறிவிக்க எண்ணுகிறேன்.

சேர்த்துக்கொள்ளுங்கள், பரிசை மட்டும் விட்டுவிடுங்கள். பக்கத்துக்குப் பரிசு என்றால் குழந்தை பக்கத்தைப் புரட்டும். தமிழ்நாட்டில் 2022 ஜூன் மாதம் இல்லம் தேடிக் கல்வி மையங்களின் குழந்தைகளுக்காக, ‘ரீட் அலாங்’ செயலியின் துணையோடு பன்னிரண்டு நாள்கள் வாசிப்பு மாரத்தான் நடத்தப்பட்டது. சிறு சிறு கதைகளைக் குழந்தைகள் வாய்விட்டு வாசிக்க, செயலி அதைக் கேட்டுத் திருத்தியது. வீட்டில் அந்தச் செவியாக நீங்கள் இருங்கள். முக்கால் மணி நேரம் வாசிப்பு, பின்னர் விளையாட்டு, மீண்டும் வாசிப்பு என்று அமைத்து, எந்தப் புத்தகம் என்பதை அவனே தீர்மானிக்க விடுங்கள். படக்கதையாக இருந்தாலும் சரி.

வாசகர், வில்லியனூர்: கைப்பேசியிலேயே வாசிக்கலாமா?

வாசிக்கலாம், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நாளே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், கடலூர் முதுநகர்: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மாரத்தானில் வாசித்து முடித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எப்படித் திட்டமிடுவது?

தங்கள் ஆசையை மனமாரப் போற்றுகிறோம்; ஆனால் ஒரு நாளில் அது முடியாது. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் காலம் எழுதப்பட்ட குறிப்பு அது. ஆங்கில மொழிபெயர்ப்பே பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பேச்சு வழக்கும் பாரசீக, போர்த்துக்கீசிய, பிரெஞ்சுச் சொற்களும் கலந்த அந்த நடை பழகும்வரை வேகமும் மிகக் குறைவாகவே இருக்கும்.

ஒரு காலப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். தாங்கள் கடலூர்க்காரர் என்பதால் 1748 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான பகுதியைப் பரிந்துரைக்கிறோம். கடற்படைத் தளபதி பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, பின்னர் அதைக் கைவிட்டுத் திரும்பிய மாதங்கள் அவை. அப்போது ஆங்கிலேயரின் தளமாக இருந்தது தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டை. புதுச்சேரிக் கோட்டைக்குள் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் அருகில் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தாம் கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே எழுதிவைத்திருக்கிறார். முன்னேற்பாடாக, அந்தப் போரின் பின்னணியை விளக்கும் வரலாற்றுக் கட்டுரை ஒன்றையும், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கடற்கரையின் வரைபடத்தையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அருஞ்சொற்களுக்கு ஒரு தனித்தாள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டாமல் அதில் குறித்துக்கொண்டே செல்லுங்கள், பெரும்பாலானவை மூன்றாம் முறை வரும்போது தாமாகவே விளங்கிவிடும். நாளுக்கு நாள் நகரும் நூல் ஆதலால், ஒவ்வொரு நாளின் குறிப்பு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, அன்று நடந்ததை ஒரு வரியில் எழுதுங்கள். முற்றுகை விலகும் இடத்தை எட்டும்போது இரவு ஆகியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்த மாரத்தானுக்குச் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய 1746-ஆம் ஆண்டின் குறிப்புகள் இருக்கின்றன.