கொரியாவின் ஜிம்ஜில்பாங்கில் இரவு தங்கலாமா? என்ன செலவு, எதில் கவனம் வேண்டும்?

"தென்கொரியா போகிறேன். அறை வாடகையை மிச்சம் பிடிக்க ஜிம்ஜில்பாங்கிலேயே எல்லா இரவும் படுத்துக்கொள்ளலாமா?" என்பது கேள்வி.

ஒரு இரவு என்றால் தாராளமாக. தொடர்ந்து நாலைந்து இரவு வேண்டாம். பொதுக் குளியல், சூட்டு அறைகள், தரையில் படுக்க ஒரு பெரிய கூடம், இவ்வளவுதான் ஜிம்ஜில்பாங். கட்டில் இல்லை, கதவு இல்லை, விளக்கும் முழுதாக அணையாது. கட்டணம் பெரும்பாலும் 12,000 முதல் 20,000 வோன் வரை. சியோலில் ஹாஸ்டல் படுக்கையே 20,000, 30,000 வோனுக்குக் கிடைக்கும்போது இதில் மிச்சமாவது சொற்பம். இது உண்மையில் கைகொடுப்பது நள்ளிரவில் மெட்ரோ நின்றுபோனபோதும், இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை 4 மணிக்கு ஊர் தெரியாமல் இறங்கும்போதும்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு நிறைய ஜிம்ஜில்பாங்குகள் மூடப்பட்டன, மிஞ்சியவற்றிலும் பல இரவு நேரத்தைக் கைவிட்டன. அதனால் 2019-க்கு முந்தைய பயணக் குறிப்புகளை நம்பிப் பெட்டியோடு போய் நிற்காதீர்கள். நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியில் அன்றைய நேரத்தைப் பாருங்கள்; கொரியாவில் கூகுள் மேப்பைவிட அதுதான் நம்பகமானது. பெயர்பெற்ற இடம் என்பதாலேயே இரவு தங்க முடியும் என்றும் இல்லை. பூசான் நகரில் ஷின்செகே சென்டம் சிட்டி என்ற பேரங்காடிக் கட்டடத்திலுள்ள ஸ்பாலாண்ட் அருமையான இடம்தான், ஆனால் 4 மணி நேரத்துக்குத்தான் அனுமதி, இரவில் மூடிவிடுவார்கள். தெருவில் மூன்று ஆவிக் கோடுகள் எழும் சிவப்புக் குறியைப் பார்த்தும் ஏமாறலாம். வெறும் குளியல் மட்டும் உள்ள மொக்யோக்தாங்குக்கும் பழைய சின்ன விடுதிகளுக்கும் அதே குறிதான்.

வாசலில் செருப்பை ஒரு சின்ன லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியோடு கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே "குளியல் மட்டுமா, ஜிம்ஜில்பாங்கும் சேர்த்தா?" என்று கேட்பார்கள். தங்குவதானால் இரண்டாவது. பருத்தி டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, துணி லாக்கர் சாவி கோத்த கைப்பட்டை, துண்டு ஆகியவை தருவார்கள். துண்டு முகம் துடைக்கும் அளவுதான். பெண்களுக்கு அதிலும் இரண்டே இரண்டு என்று எண்ணிக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். தலைமுடி நீளமானால் சொந்தத் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். ஷாம்பூவும் அப்படியே. லாக்கர் ஒடுக்கமானது, பெரிய சூட்கேஸ் நுழையாது. கவுண்டரில் கேட்டால் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள்.

காசு கட்டும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். இரவுக் கட்டணம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? பல இடங்களில் இரவு 8 அல்லது 9-க்கு மேல் சில ஆயிரம் வோன் கூடும். எத்தனை மணி நேரம் இருக்கலாம்? 12 மணி நேரம் என்ற வரம்பு சகஜம், தாண்டினால் கூடுதல் கட்டணம். இரவு 8-க்கு நுழைந்துவிட்டுக் காலை 9 வரை தூங்கினால் கட்ட வேண்டியதுதான். நடுவில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதும் பொதுவாக நடக்காது.

குளியல் பகுதி ஆண், பெண் தனித்தனி. உள்ளே எல்லோரும் பிறந்த மேனிதான், நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. நம்மவர்கள் தயங்குவது இங்கேதான். ஐந்து நிமிடத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்துவிடும். குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சோப்பு போட்டு உடம்பை நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், துண்டைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், துணி துவைக்காதீர்கள். வெந்நீர்த் தொட்டி 40 டிகிரி அளவில் இருக்கும், அதைவிடச் சூடான இன்னொன்றும் குளிர்நீர்த் தொட்டியும் பக்கத்திலேயே. பல இடங்களில் நள்ளிரவுக்கு மேல் தொட்டிகளைக் காலிசெய்து கழுவுவார்கள். ஆகவே குளியலை இரவே முடித்துவிடுங்கள், அல்லது விடிகாலைப் புதுத்தண்ணீருக்குக் காத்திருங்கள்.

பிறகு அந்த டி-ஷர்ட், அரைக்கால் சட்டையோடு பொதுக் கூடம். இங்கே ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். உப்பு அறை, செம்மண் அறை, கரி அறை, பனி அறை என்று சுற்றிலும் இருக்கும். புல்காமா என்ற சூளை அறையில் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டும். பத்து நிமிடம் போதும். தாலிச் சங்கிலி, வளையல், மெட்டி எல்லாம் அந்தச் சூட்டில் தோலைச் சுட்டுவிடும், உள்ளே போகும் முன் லாக்கரில் கழற்றி வையுங்கள். குடித்துவிட்டு உள்ளே போகவே கூடாது, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது.

படுக்க மெல்லிய பாய், செங்கல் போன்ற ஒரு தலையணை. போர்வை சில இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். வெள்ளி, சனி இரவுகளில் 10 மணிக்குள் இடம் பிடிக்காவிட்டால் மிஞ்சுவது டிவிக்கு முன்னாலோ கழிவறை வழியிலோதான். சுவரோரம் பாருங்கள், சூளைக் கதவுக்குப் பக்கத்தில் படுத்தால் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம். தரைக்கு அடியில் சூடு ஓடுவதால் நடுநிசியில் நாக்கு வறளும், தண்ணீர் எங்கே என்று முன்பே பார்த்துவையுங்கள். குறட்டைக்குக் காதடைப்பான், விளக்குக்குக் கண்மறைப்பு இரண்டும் அவசியம். தனியாகப் போகும் பெண்கள், பெண்களுக்கான தூங்கும் அறை உள்ள இடமாகப் பார்த்துப் போவதே உத்தமம். போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள். ஜிம்ஜில்பாங்கில் நடக்கும் திருட்டு பெரும்பாலும் அதுதான், அசந்து தூங்குபவரின் போன்.

சாப்பாட்டுக்குச் சுட்ட முட்டையும், சிக்யே என்ற இனிப்பான அரிசிப் பானமும் கிடைக்கும். சைவர்களுக்கு சிக்யே மட்டுமே கவலையில்லாதது. கடற்பாசி சூப்பிலும் ராம்யன் என்ற நூடுல்ஸிலும் மாட்டிறைச்சியோ மீனோ கலந்திருக்கும்.

19 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பெரியவர் துணையில்லாமல் இரவு 10 முதல் காலை 5 வரை உள்ளே விடக்கூடாது என்பது அங்கே சட்டம். கல்லூரி முதல் வருடப் பிள்ளைகள் கவனிக்க: பாஸ்போர்ட் கேட்பார்கள். இன்னொன்று, கொரியாவில் இறங்கும்போது தங்கும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். ஜிம்ஜில்பாங்கில் முன்பதிவு ரசீது என்று ஒன்று பொதுவாகக் கிடையாது. முதல் இரவுக்காவது ஒரு ஹாஸ்டலைப் பதிவு செய்துவிடுங்கள்.