'மேட் மீ ஹேப்பி'யில் ஏன் 'ஹேப்பிலி' வராது?

'ஷி மேட் மீ ஹேப்பி' என்பதற்குத் தமிழில் 'என்னை மகிழ்ச்சியாக ஆக்கினாள்' என்று வருகிறதே, அப்போது 'ஹேப்பிலி'தானே சரி என்று கேட்டிருக்கிறீர்கள். 'மகிழ்ச்சியாக'வின் கடைசியில் வரும் அந்த 'ஆக'தான், செயல் எப்படி நடந்தது என்று சொல்வதுபோலத் தோன்றி நம்மை ஏமாற்றுகிறது. 'ஹேப்பி' இங்கே செயல் எப்படி நடந்தது என்று சொல்லவில்லை; நான் என்ன நிலைக்கு வந்தேன் என்று சொல்கிறது. அதனால் பெயரடைதான் (அட்ஜெக்டிவ்) வரும்.

இந்த ஜோடியைப் பாருங்கள். 'ஐ ஃபவுண்ட் இட் ஈஸி' என்றால் அது எனக்குச் சுலபமாக இருந்தது. 'ஐ ஃபவுண்ட் இட் ஈஸிலி' என்றால் தேடிய பொருள் சட்டென்று கிடைத்துவிட்டது. ஒரு 'லி'யில் அர்த்தமே வேறு!

'கீப் இட் க்ளீன்', 'லீவ் தெம் அலோன்', 'இட் டிரைவ்ஸ் மீ மேட்' எல்லாம் இதே கதைதான். அப்புறம், இந்த மாதிரி வாக்கியங்களில் வினைக்குப் பின்னால் 'ஐ', 'ஹி' கூடாது, 'மீ', 'ஹிம்'தான். பெயரடை அதற்கும் அடுத்து.